மாவனல்லைக்குப் போன படங்கு

என் மகள் சுதர்ஷினிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இருபது வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். மற்றவர்களின் பிள்ளைகள் ஆறு வயதிலேயே பொய்யைக் கரைத்துக் குடித்துவிடுகிறார்கள், என் பிள்ளைக்குச் சூதுவாது கிடையாது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் மண் விழுந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளுக்கு இருப்பது டவுன் சிண்ட்ரோம் என்று அவள் பிறந்த மூன்றாம் நாளே டாக்டர் சொன்னார். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்தில் அந்தப் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் "மெதுவான புள்ள" என்றார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் "தெய்வக் கொழந்த" என்று சொல்லிவிட்டு, தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள். எல்லாவற்றிலும் மோசமான பெயர் எங்களை வேலை வாங்குகிற கந்தையா கங்காணி வைத்ததுதான். "அரப்பேரு."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையிலிருந்து மாலைவரை நின்று, சொன்ன கிலோ கொழுந்தையும் பறித்துக் கொடுத்தால் அன்றைக்கு முழுப்பேர் விழும். மத்தியானத்தோடு போய்விட்டால் அரைப்பேர், சம்பளமும் பாதி. பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து அவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது நான் மலை ஊற்றுப் பீலியில் பிடித்த தண்ணீரோடு வந்துகொண்டிருந்தேன். வாளியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தேன். ஒரு கிழமை தும்மிக்கொண்டு கிடந்தார். அதற்குப் பிறகு என் முன்னால் அந்தச் சொல்லைக் கொழுந்துக் கணக்குக்கு மட்டும்தான் சொல்லுவார்.

இப்படிப்பட்ட நான் பிள்ளையை எப்படி வளர்த்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. தலை வாரிவிடுவேன். சப்பாத்துக்கு முடிச்சுப் போடுவேன். மீனில் முள் எடுத்து, சோற்றைப் பிசைந்து, உருட்டித் தட்டில் வைப்பேன். அவள் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அந்த ராச்சியத்தைக் கவிழ்க்க வந்தவர் பத்மாசனி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். சமூக சேவைப் பிரிவில் வேலை. முதல் நாள் எங்கள் காம்பரா வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடி நான் முள் எடுப்பதைப் பார்த்தார்.

"அம்மா, பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"இருபது மிஸ்."

"இருபது வயசுப் பிள்ளைக்கு நீங்கள் முள்ளு எடுத்துக் குடுக்கிறியள். அறுபது வயசில உங்களுக்கு ஆர் எடுத்துத் தாறது?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சுதர்ஷினி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நிதானமாக ஒரு முள்ளை உருவினாள். உருவி என் தட்டில் வைத்தாள். அடுத்ததையும் உருவி என் தட்டில் வைத்தாள். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இத்தனை வருடமும் முள் எடுக்கத் தெரிந்துகொண்டே என்னிடம் வேலை வாங்கியிருக்கிறாள் என்பது அன்றைக்காவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

மிஸ் நான்கு மாதம் வந்தார். பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் பழக்கினார். சில்லறையைப் பார்த்துக் கொடுக்கவும், பாலம் தாண்டி மூன்றாவது பஸ் ஹோல்டில் இறங்கவும், அறியாத ஆட்கள் கூப்பிட்டால் பதில் பேசாமல் நேரே நடக்கவும் சொல்லிக்கொடுத்தார். ஒரு சின்னத் தராசைக் கொண்டுவந்து நூறு என்று இலக்கம் விழும்வரை நிறுக்கப் பழக்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிறுக்காத பொருள் இல்லை. உப்பு, பருப்பு, அவளுடைய அப்பாவின் வெற்றிலை எல்லாம் தராசில் ஏறி இறங்கின. நூற்றொன்று வந்தால் விடமாட்டாள். ஒரு பருப்பை எடுத்துப் பார்ப்பாள், இன்னொன்றை எடுத்துப் பார்ப்பாள். நாங்கள் பசியோடு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைசியில் மாவனல்லையில் ஸஹாப்தீன் என்பவரின் கடையில் வேலை ஒன்று பேசினார் மிஸ். மிளகு, கராம்பு, ஏலக்காய் எல்லாம் நூறு நூறு கிராமாக நிறுத்துப் பைக்குள் போட்டு ஒட்டி விற்கிற கடை. ஸஹாப்தீன் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரேயொரு விஷயத்தில் கல் மாதிரி நின்றார்.

"மூணு நாள் பாப்பம் மிஸ். புள்ள தனிய வரணும், தனிய போகணும். வீட்டு ஆக்கள் ஒத்தரும் கடப் பக்கம் வரப்படாது. போன வருசம் ஒரு புள்ளய எடுத்தன். அதோட தாயும் ரெண்டு மாமியும் வந்து வாசல்லயே குந்தின. யாவாரத்துக்கு வந்த ஆக்கள் சாவு நடந்த மையத்து வீடுண்டு நெனச்சித் திரும்பிப் போன. இந்தத் தடவ அப்பிடி யாரயாவது கண்டா அண்டைக்கே வேல முடிஞ்சி."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "கேட்டனீங்களோ அம்மா? பஸ்ஸில பின்னால போறேல்ல. சத்தியம் பண்ணுங்கோ."

"மாரியாத்தா மேல சத்தியமா நான் பஸ்ல ஏறி பின்னால போகமாட்டேன் மிஸ்," என்றேன்.

நான் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை. செய்த சத்தியத்தில் என் புருஷனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைச் சொல்லும்போதே கவனித்துக்கொண்டேன்.

முதல் நாள் என் புருஷன் சுரேந்திரன் காய்ச்சல் என்று லீவு போட்டார். குரங்குத் தொப்பி, முகமூடி, கையில் ஒரு சிங்களப் பேப்பர். சிங்களம் பேசச் சொன்னால் பொழுது விடிய விடியப் பேசுவார், வாசிக்க ஓர் எழுத்துத் தெரியாது. முன் ஹோல்டில் போய் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்து, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டார். சுதர்ஷினி எங்கள் ஹோல்டில் ஏறி முன்னால் உட்கார்ந்தாள். நான் லயத்து வாசலில் நின்று மாரியாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கே மனிதர் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"என்னாங்க, கடை வரைக்கும் போனீங்களா?"

"எங்க போறது? கண்டக்டர் வந்ததும் 'மாவனெல்ல தெகக்'னு ரெண்டு டிக்கட் கேட்டா. இன்னொண்ணு யாருக்குன்னு கண்டக்டர் கேட்டான். பின்னால பேப்பர் படிக்கிற எங்கப்பாவுக்குன்னு கைய நீட்டிட்டா. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. நான் அரநாயக்க டவுன்லயே எறங்கிட்டேன்."

"ஒரு தொப்பியப் போட்டு ஒளிஞ்சிருக்கத் தெரியல. நீங்கல்லாம் ஒரு ஆம்பள."

மாலையில் அவள் குறித்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். கை, கால், குடை, பை எல்லாம் சரியாக இருந்தன. "அப்பாவுக்குக் காச்சல் விட்டிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும், நான் அந்தச் சோற்றுப் பார்சலைத் திறக்காமல் இருந்திருந்தால். கட்டிக் கொடுத்தது கட்டியபடியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "பசிக்கல," என்றாள். இருபது வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத சொல் அது. காய்ச்சலிலும் பசிக்கும் அவளுக்கு. யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா, அரைப்பேர் மாதிரி வேறு ஒரு பெயர் வைத்துவிட்டார்களா, அவள் ஒரு மூலையில் அழுதுகொண்டு நின்றாளா என்று மனம் கண்டபடி ஓடியது. அன்றைக்கு நான் கண்ணே மூடவில்லை.

மறுநாள் கொழுந்துக்குப் போனேன். கை கொழுந்தில் இருந்தது, நினைப்பு மாவனல்லையில் இருந்தது. மத்தியானம் நிறுவை முடிந்ததும் கூடையைப் பக்கத்து நிரைக்காரியிடம் தள்ளிவிட்டுக் கந்தையா கங்காணியிடம் போனேன்.

"நான் வீட்டுக்குப் போறேன் கங்காணி. தல சுத்துது."

"அரப்பேருதான் விழும் கலா."

"விழட்டும்."

வளைவில் எங்கள் தோட்டத்துக் காத்தமுத்துவின் ஆட்டோ நின்றது. சத்தியம் பஸ்ஸுக்குத்தானே. ஆட்டோவைப் பற்றி மாரியாத்தா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து முகமூடியைப் போட்டேன், சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடினேன். கண் மட்டும்தான் வெளியில் தெரிந்தது. என்னைப் பெற்றவளே வந்தாலும் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். காத்தமுத்து கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ரோட்டப் பாத்து ஓட்டு," என்று அடக்கிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், அவனைப் பேச விட்டிருக்கலாம்.

கடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு லொறி நின்றது. அதன் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே நீள மேசை, மூட்டைகள், தராசு. மேசைப் பக்கம் ஸஹாப்தீனின் மனைவி றிப்தா நின்றார். என் பிள்ளையைக் காணவில்லை. கொஞ்சம் முன்னால் வந்தேன். அப்போதும் காணவில்லை. ரோட்டைக் கடந்தேன். இன்னும் ஓர் எட்டு வைத்தால் மூலை தெரியும் என்று நினைத்து வைத்தேன், கடைக்குள் நின்றேன்.

அப்போது பின் கதவால் சுதர்ஷினி வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாயோரத்தில் புரியாணி மஞ்சள் ஒட்டியிருந்தது. முதல் நாள் பசிக்காமல் போன காரணம் எனக்கு விளங்கிவிட்டது. நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. என்னுடைய கத்தரிக்காய்க் குழம்புக்கு என்ன குறை?

றிப்தா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை இடுப்பில் வந்து நின்றது. பிறகு மகளைப் பார்த்தார்.

"சுதர்ஷினி, இந்தப் பொம்பளய ஒங்களுக்குத் தெரியுமா? ஒங்கட தாயா?"

முடிந்தது கதை. நான்கு மாத உழைப்பையும் நானே வந்து குழியில் தள்ளிவிட்டேன். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அப்பாவைப் பஸ் முழுக்கக் காட்டிக்கொடுத்த பிள்ளை. இப்போது "எங்கம்மா" என்று ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள், ஸஹாப்தீன் உள்ளேயிருந்து வருவார், நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பிப் போவோம்.

சுதர்ஷினி என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"தெரியாது," என்றாள்.

றிப்தா விடவில்லை. "நல்லாப் பாருங்க."

"தெரியாதுங்க. சாமான் வாங்க வந்திருப்பாங்க." பிறகு என்னிடம் திரும்பினாள். "என்னா வேணுங்க?"

பிறந்ததிலிருந்து என்னை "நீ, வா, போ" என்று கூப்பிட்ட வாய். எனக்கு நெஞ்சு வலித்தது, உண்மையாகவே வலித்தது. பத்து மாதம் சுமந்து, இருபது வருடம் முள் எடுத்தவளைத் தெரியாதாம். அழலாமா என்று நினைத்தேன், ஆனால் முகமூடிக்குள் என் உதடு தன் பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. என் பிள்ளை பொய் சொல்கிறாள். கண்ணிமைக்காமல், சுத்தமாக, எனக்கே நம்பிக்கை வருகிற மாதிரி சொல்கிறாள். தன் வேலையைத் தானே காப்பாற்றிக்கொள்கிறாள்.

"மொளகு," என்றேன், குரலை மாற்றி. "நூறு கிராம்."

அவள் மிளகை அள்ளித் தராசில் போட்டாள். நூற்று மூன்று. கொஞ்சம் எடுத்தாள். தொண்ணூற்றெட்டு. கொஞ்சம் போட்டாள். நூற்றொன்று. ஒரு மிளகை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார், இன்னொருவரும் வந்தார். வியர்வை என் முதுகில் ஓடியது. அவள் அவசரப்படவில்லை. வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் இருக்கிறது.

"என்ட புருசன்கூட இப்பிடி நிறுத்ததில்ல," என்று பின்னால் நின்றவர்களிடம் றிப்தா சொன்னார். அவர் குரலில் இருந்தது பெருமைதான்.

நூறு விழுந்தது. பைக்குள் கொட்டி, ஒட்டி, இரண்டு கையாலும் நீட்டினாள். நான் வாங்கக் குனிந்தபோது உதடு அசையாமல் சொன்னாள்.

"படங்கு."

குனிந்து பார்த்தேன். செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க, கொழுந்து பறிக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டுவோமே, அந்தப் படங்கு. தலையை மூடி முகத்தை மூடி வந்தவள் அதை அவிழ்க்க மறந்திருக்கிறேன். காலையில் கட்டினால் அது உடம்போடு உடம்பாகிவிடும், கட்டியிருப்பதே தெரியாது. மாவனல்லை டவுன் நடுவில், தேயிலைச் சாயம் ஏறிய படங்கோடு, யாருக்கும் தெரியாமல் ஒளிந்து நின்றவள் நான் ஒருத்திதான். லொறிக்குப் பின்னால் ஒளிந்ததையும் ரோட்டில் போன அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள்.

காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். படி இறங்கும்போது றிப்தா என் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அரநாயக்க பஸ் அங்கால நிக்கிது. புள்ளக்கி மூணு மணிக்கித்தான் வேல முடியும். மொளகு காணாட்டி இனி அவங்கட கையிலயே குடுத்து அனுப்புறன். நீங்க வராதீங்க."

தலையாட்டினேன். திரும்பி வருவதற்குப் பஸ்தான் பிடித்தேன். பின்னால் போகமாட்டேன் என்றுதான் சத்தியம், முன்னால் போவதற்குத் தடையில்லை. படங்கை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுகச் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் எங்கள் ஹோல்டில் காத்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் "சுது நங்கி, பஹின்ன" என்று சத்தம் போட்டு இறக்கிவிட்டார். எங்கள் பிள்ளையின் பெயரைச் சுருக்கிச் சொந்தத் தங்கச்சி ஆக்கிக்கொள்ள அவருக்கு இரண்டே நாள் போதுமாக இருந்தது. நான் கையை நீட்டிக்கொண்டு போனேன்.

"வா தங்கம். பையக் குடு."

அவள் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"தெரியாதவங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க," என்றாள்.

சொல்லிவிட்டு நடந்தாள். ஏற்றத்தில் அவள் முன்னால், பத்து எட்டுத் தள்ளி நான் பின்னால். இடையிடையே அவள் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு போகிறாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தடியில் நின்ற பெண்கள் என்ன சண்டை என்று என்னிடம் கேட்டார்கள். "யாருன்னே தெரியல," என்று நானும் சொல்லிவைத்தேன். முன்னால் போனவள் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு இன்னிக்கி என்ன பேரு போட்டாங்க?" என்று கேட்டாள்.

"அரப்பேரு."

அவள் என்னைப் பார்த்தாள். சிறு வயதில் கங்காணி சொன்னதையும், அன்றைக்கு நான் கவிழ்த்த வாளியையும் அவள் மறக்கவில்லை என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அது விளங்கியிருக்காது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பிறகு என் தோளில் தட்டினாள், நான் அவளைத் தட்டிக்கொடுக்கிற மாதிரியே.

"எனக்கு முழுப்பேரு," என்றாள். "நாளைக்கி நீ வேலையில ஒழுங்கா நில்லும்மா."

மூன்றாம் நாள் காலை ஆறரை பஸ்ஸில் அவள் தனியாகப் போனாள். சோற்றுப் பார்சல் வேண்டாம் என்றாள், நான் கட்டாயப்படுத்தவில்லை. மலையில் நின்றுகொண்டு பஸ் வளைவில் மறைவதைப் பார்த்தேன், பிறகு குனிந்து கொழுந்தைப் பறித்தேன். மத்தியானம் மிஸ் போன் பண்ணினார். பிள்ளையை எடுத்துக்கொண்டார்களாம். அடுத்த கிழமையிலிருந்து நிரந்தரம்.

"நீங்கள் மூண்டு நாளும் அந்தப் பக்கம் போகேல்லைத்தானே அம்மா?"

"இல்ல மிஸ்," என்றேன். என் குரலிலும் ஒரு சுருக்கம் விழவில்லை. மகளிடமிருந்து கற்றது.

மாலை நிறுவையில் கந்தையா கங்காணி என் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி முழுப்பேரு கலா," என்றார்.

"எங்க வீட்டுல ரெண்டு முழுப்பேரு கங்காணி," என்றேன். மடுவத்துக்குப் பக்கத்துப் பீலியடியில் என் வாளி நிறைந்துகொண்டிருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.